ரைட்டருக்குத் தனித் தொடர்

சிக்னலில் நின்ற பேருந்தின் முதுகில்
அவளை ஒட்டியிருந்தார்கள்.
இடது கன்னம் முழுக்க டீசல் புகை.
'விரைவில்' என்பதற்குக் கீழே
படிந்த தூசியில் யாரோ விரலால்
'எப்போ' என்று எழுதியிருந்தார்கள்.

தொடருக்கு ஒரு பெயர் இருந்தது,
நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை.
வியாழன் ஒன்பதரை, அவ்வளவுதான்.
எழும்பூர் கோர்ட்டுக்கு எதிரே
எங்கள் ஜெராக்ஸ் மெஷின் சூடேறுவதற்குள்
வெள்ளிக்கிழமைக் கேள்வி வந்துவிடும்:
ஒம்போதரை பாத்தியா?

நான்கு வருடம்.
பிறகு காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில்
இன்ஸ்பெக்டர் எழில்வாணன்மேல் குண்டு பாய்ந்தது.
திரை கருத்தது. பெயர்கள் ஓடின.

"பாடியக் காட்டுனானா? காட்டல.
அப்ப ஆளு இருக்காரு" என்கிறார்
ஆட்டோ ஜபருல்லா.
ஒன்றரை வருடமாக
அதே வாதம், அதே சவாரிக் கட்டணத்தோடு.

இப்போது அவரில்லாமல்
ரைட்டர் மங்கையர்க்கரசிக்கு மட்டும் ஒரு தொடர் வருகிறதாம்.
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
எழுதிக்கொண்டே இருந்தவள்.
நூற்றறுபது வாரத்தில்
இரண்டே முறை எழுந்து நின்றவள்.

வக்கீல் பியூலாவுக்குச் சட்டம் சரியாக இருக்க வேண்டும்.
"புதுப் பிரிவு நம்பரெல்லாம் அவளாவது கரெக்டா சொல்லட்டும்,
எனக்கே இன்னும் வாயில வரல."
கடை முதலாளி சூசை அண்ணனுக்கு
ஒரு காட்சியாவது ஜெராக்ஸ் கடையில் நடக்க வேண்டும்.
"போலீஸ் கதைன்றான், காப்பி எடுக்காத கேஸ் ஏதும்மா?"

டீ கொண்டுவரும் முன்னா
சமஸ்திபூரிலிருந்து வந்தவன்.
தமிழை அந்த விசாரணை அறையில்தான் படித்தான்.
இன்றைக்கும் நீதிமன்ற ஊழியர்களிடம்
முகத்துக்கு நேரே குனிந்து கேட்பான்:
"உண்மையைச் சொல்லிடு. சர்க்கரை வேணுமா, வேணாமா?"
அவன் கேட்பது ஒன்றுதான்,
அந்த அம்மா மெதுவாகப் பேச வேண்டும்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கண்ணாடிக்கடியில் பச்சை வெளிச்சம் ஓட ஓட
ஒரு நாளைக்கு நாற்பது முதல் தகவல் அறிக்கை
என் கையால் கவிழ்கிறது.
தலைகீழாகவும் படிப்பேன்.
அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது.
முப்பது என்றால்
கொஞ்ச நேரம் மூடியைத் திறக்க மாட்டேன்.

முப்பத்தெட்டாவது வாரத்தில்
மகனைக் காணோம் என்று ஒருத்தி வந்தாள்.
போகும்போது என்ன கலர் சட்டை என்றாள் ரைட்டர்.
வந்தவளுக்கு ஞாபகமில்லை.
பேனா நின்றது.
அதற்குள் எழில்வாணன்
கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்,
பின்னணி இசையோடு.
பிறகு அவளை யாரும் காட்டவில்லை.

எங்களிடமும் அதையே கேட்டார்கள்,
வியாசர்பாடியில், மழைக்கு மறுநாள்.
அம்மா நீலம் என்றாள்.
நான் பழுப்பில் கோடு என்றேன்.
அந்த ரைட்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அதனால் எனக்குத் துரத்தல் வேண்டாம்,
ஐஸ் ஃபேக்டரி வேண்டாம்,
கொலைகாரன் யாரென்று சொன்னாலும் சரி, விட்டாலும் சரி.
கதவை உதைக்க ஆளில்லாத இந்த முறையாவது
பேனா நின்ற பிறகு அவள் என்ன செய்தாள்
என்று காட்டட்டும்.
தண்ணீர் கொடுத்தாளா.
கோப்பை எந்த அலமாரியில் வைத்தாள்.

வியாழன்.
அம்மா ஒன்பது மணிக்கே
நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.
கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள்,
மறுபடி துடைத்தாள்.
"இதுலயாச்சும் அவனக் கண்டுபுடிப்பாங்களாடி?"

எவனை என்று நான் கேட்கவில்லை.
முதலில் ஊறுகாய் விளம்பரம்,
அடுத்து மெத்தை.
எழுந்துபோய்ப் பாலை இறக்கினேன்.
சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.